வீட்டுக் கம்ப்யூட்டருக்கு யார் அட்மின்?



உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அட்மின் யார்?

"இதென்ன கேள்வி? எல்லாரும்தான் பயன்படுத்துகிறோம். அட்மின் வைத்துக்கொள்ள நாங்கள் என்ன கம்பெனியா நடத்துகிறோம்?" என்கிறீர்களா? சரி, புதிதாக ஒரு பிரின்டர் வாங்கி, அதோடு வந்த சாஃப்ட்வேரை ஏற்றிப் பாருங்கள். திரை சட்டென்று இருண்டு நடுவில் ஒரு பெட்டி வரும். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைக் கொடு என்று கேட்கும். பல வீடுகளில் அந்த நிமிடம்தான் பெங்களூருக்கோ டொரன்டோவுக்கோ ஃபோன் போகிறது.

"தம்பி, பாஸ்வேர்டு என்னடா?"

"ஐயோ, அது நான் காலேஜ் படிக்கும்போது போட்டதும்மா. அந்த மெயில் ஐடியே இப்ப என்கிட்ட இல்ல."

மெயில் ஐடி போயிற்று. அதோடு இணைத்திருந்த பழைய சிம்மும் ரீசார்ஜ் செய்யாமல் போயிற்று. கம்ப்யூட்டர் மட்டும் வரவேற்பறை மேஜையில் அப்படியே இருக்கிறது, நம்மை யாரென்றே தெரியாததுபோல.

2020-ல் ஆன்லைன் வகுப்புக்காக அவசர அவசரமாக எத்தனை வீடுகளில் லேப்டாப் வாங்கினோம்! வீட்டில் யாருக்குக் கம்ப்யூட்டர் பழக்கமோ, அவர் பெட்டியைப் பிரித்து, தன் மெயில் ஐடியைப் போட்டு ஆரம்பித்து வைத்தார். முதலில் கணக்குத் தொடங்குபவரே அட்மின் என்பது விண்டோஸின் ஏற்பாடு. பணம் கட்டியவர் யார், தினமும் பயன்படுத்துபவர் யார் என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

முன்பு இதெல்லாம் ஒரு பிரச்னையே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. 2011-ல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். பாஸ்வேர்டு மறந்துபோனால் பக்கத்துத் தெரு சர்வீஸ் கடை இருந்தது. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். "போட்டோவெல்லாம் எடுத்து வெச்சுட்டு ஃபார்மேட் அடிச்சுத் தந்துடறேன் சார், சாயங்காலம் வாங்க" என்பார் கடைத் தம்பி. சாயங்காலம் போனால் வேலை முடிந்திருக்கும்.

அது ஏன் அத்தனை சுலபமாக இருந்தது? அந்தப் பாஸ்வேர்டு விண்டோஸுக்குள் நுழைவதைத்தான் தடுத்தது. உள்ளே டிஸ்க்கில் இருந்த படங்களும் கோப்புகளும் பூட்டில்லாமலே கிடந்தன. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் எல்லாமே தெரியும். நமக்கு அது வசதி. லேப்டாப்பைத் திருடிக்கொண்டு போனவனுக்கும் அதே வசதி!

இப்போது நிலைமை மாறிவிட்டது. நம்மில் பலர் இதைக் கவனிக்கவில்லை என்பதுதான் என் கவலை. புதிதாக வரும் விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது. அதாவது, உள்ளே இருப்பதெல்லாம் சங்கேதமாக மாற்றி வைக்கப்படுகிறது. பிட்லாக்கர் என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்புக்குப் பிறகு இது இன்னும் பரவலாகிவிட்டது. இப்படிப்பட்ட டிஸ்க்கைக் கழற்றி எங்கே மாட்டினாலும் ஒன்றும் படிக்க முடியாது. ரெகவரி கீ என்று 48 இலக்க எண் ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்தால்தான் திறக்கும்.

அந்த 48 எண்கள் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும், கம்ப்யூட்டரை ஆரம்பித்து வைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில். அந்தக் கணக்கே கைவிட்டுப் போயிருந்தால்? கடைத் தம்பி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. தொலைந்த கீயை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் மறுபடி உருவாக்கித் தர முடியாது. கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம். படங்கள் போனது போனதுதான்.

இதில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. லேப்டாப் வாங்கும்போது, "நாங்களே செட்டப் பண்ணித் தந்துடறோம்" என்று சில கடைகளில் ஏதோ ஒரு மெயில் ஐடியைப் போட்டு ஆரம்பித்துத் தருகிறார்கள். நாமும் நாலு இலக்க பின் நம்பரை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடுகிறோம். மூன்று வருடம் கழித்து ரெகவரி கீ கேட்டால், அது யாரோ ஒருவரின் கணக்கில் இருக்கிறது. அவர் அந்தக் கடையில் இன்னும் வேலை செய்கிறாரா என்பதே சந்தேகம்.

சரி, ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்வது?

ஃபார்மேட் என்ற சொல்லை யார் சொன்னாலும், "கொஞ்சம் இருங்க" என்று சொல்லுங்கள். அது கடைசி வழி. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

கம்ப்யூட்டருக்குள் நுழைய முடிகிறது, அட்மின் பாஸ்வேர்டு மட்டும்தான் தெரியவில்லை என்றால், நீங்கள் அதிர்ஷ்டசாலி. பிரின்டரை மறந்துவிட்டு, முதலில் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் குடும்பப் படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், கணக்கு வழக்குகளை நகல் எடுத்துவிடுங்கள். உங்கள் கணக்கில் இருப்பவற்றை எடுக்க அட்மின் அனுமதி தேவையில்லை. நகல் கைக்கு வந்தபிறகு எந்தச் சோதனையும் பதற்றமில்லாமல் செய்யலாம்.

அடுத்து, அந்த அட்மின் கணக்கு எந்த வகை என்று பாருங்கள். விண்டோஸில் இரண்டு வகை. ஒன்று, மெயில் ஐடியோடு இணைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு. மற்றொன்று, அந்தக் கம்ப்யூட்டரோடு நின்றுவிடும் லோக்கல் கணக்கு. நுழையும் திரையில் பெயருக்குக் கீழே மெயில் முகவரி தெரிந்தால் முதல் வகை. தெரியாவிட்டால் உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். ஒருமுறை தப்பான பாஸ்வேர்டு போட்டபின் அது என்ன வழி காட்டுகிறது என்று பார்த்தால் புரிந்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கென்றால், பாஸ்வேர்டை உங்கள் செல்ஃபோனிலிருந்தே மாற்றலாம். கணக்கோடு இணைத்த ஃபோன் நம்பருக்கோ மாற்று மெயிலுக்கோ ஒரு குறியீட்டு எண் வரும். கணக்கு மகனுடையது என்றால் டொரன்டோவில் இருந்தபடியே அவர் மாற்றிச் சொல்லலாம். பிறகு இங்கே கம்ப்யூட்டரை நெட்டில் இணைத்து வைத்தால் போதும், புதுப் பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்ளும். நம்பரும் இல்லை, மெயிலும் இல்லை என்றால் ரெகவரி படிவம் ஒன்று இருக்கிறது. பழைய பாஸ்வேர்டுகள், சமீபத்தில் யாருக்கு மெயில் அனுப்பினீர்கள் என்றெல்லாம் கேட்டு, பதில்கள் திருப்தியாக இருந்தால் திறந்துவிடுவார்கள். கணக்கு யாருடையதோ அவரே உட்கார்ந்து நிரப்ப வேண்டிய படிவம் அது. ஆனால் பாஸ்வேர்டோடு குறியீட்டு எண்ணும் கேட்கும்படி இரட்டைப் பாதுகாப்பு போட்டிருந்த கணக்குக்கு இந்தப் படிவம் உதவாது. பாதுகாப்பை அதிகமாக்கிக்கொண்டவர்கள், மாற்று வழியையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

சிம் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட செல்ஃபோன் எண்ணை 90 நாள்களுக்குப் பிறகு வேறொருவருக்குத் தரலாம் என்பது நம் நாட்டின் ஏற்பாடு. நீங்கள் கைவிட்ட நம்பரில் இன்று முன்பின் தெரியாத ஒருவர் "ஹலோ" சொல்லலாம். உங்கள் கணக்குக்கான ஓடிபியும் அவருக்குத்தான் போகும். எனவே சிம்மை மாற்றினால் பேங்குக்குச் சொல்வதுபோல, மெயில் கணக்கிலும் நம்பரை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

லோக்கல் கணக்கென்றால் கதை வேறு. 2018 முதல் விண்டோஸ் 10-ல் இதற்கு மூன்று பாதுகாப்புக் கேள்விகள் வந்தன. பாஸ்வேர்டு தப்பானதும் அதன் கீழே வரும் வழியைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கேள்விகள் வரும். முதலில் வளர்த்த செல்லப்பிராணியின் பெயர் என்ன, பிறந்த ஊர் எது, சின்ன வயசுச் செல்லப்பெயர் என்ன, முதலில் படித்த பள்ளி எது என்கிற மாதிரி. உங்கள் பெற்றோர் முதலில் சந்தித்த ஊர் எது என்றும் ஒரு கேள்வி உண்டு. நம் வீடுகளில் பெண் பார்க்கப் போன ஊரைத்தான் எழுத வேண்டும்!

இவற்றுக்கெல்லாம் பதில் அம்மாவுக்குத் தெரியாதா? பாஸ்வேர்டு போட்ட மகனைவிட நன்றாகவே தெரியும். அதனால் குடும்பமாக உட்கார்ந்து யோசித்தால் பாதிக் கதவு திறந்த மாதிரிதான். சிக்கல் ஸ்பெல்லிங்கில் வரும். ஊரைத் திருச்சி என்று ஆங்கிலத்தில் அடித்தாரா, திருச்சிராப்பள்ளி என்று முழுசாக அடித்தாரா? செல்லப்பெயரில் எத்தனை 'யு' போட்டார்? பொறுமையாக முயன்று பாருங்கள். (அத்தைக்கும் சித்திக்கும் தெரிந்த பதில்கள் என்ன பாதுகாப்பு தரும் என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. நானும் அதையேதான் நினைத்தேன்.)

அதே கம்ப்யூட்டரில் இன்னொருவருக்கும் அட்மின் உரிமை இருந்தால், அவர் உள்ளே போய் இந்த லோக்கல் கணக்குக்குப் புதுப் பாஸ்வேர்டு வைத்துவிடலாம். அந்தக் கணக்கில் சேமித்து வைத்திருந்த சில பாஸ்வேர்டுகள் போய்விடக்கூடும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். ஆப்பிள் கணக்கு கையில் இருந்தால் பாஸ்வேர்டை மாற்ற வழி கிடைக்கும். ஃபைல்வால்ட் என்ற அதன் டிஸ்க் என்கிரிப்ஷனைப் போட்டு, அதன் ரெகவரி கீயையும் தொலைத்து, கணக்கும் இல்லை என்றால் கோப்புகளுக்கு வழியில்லை.

இந்த வழிகள் எல்லாம் மூடியிருந்தால்தான் ஃபார்மேட். அப்போதும் கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா?" ஆகவில்லை என்றால் முதலில் கோப்புகளை எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஆகியிருந்தால், ரெகவரி கீயைத் தேடி முடிக்கும்வரை யாரும் டிஸ்க்கில் கைவைக்கக் கூடாது. ஃபார்மேட் ஆனபிறகு கீ கிடைத்து ஒரு பயனும் இல்லை.

இரண்டே நிமிடத்தில் பாஸ்வேர்டை உடைப்பது எப்படி என்று யூடியூபில் வீடியோக்கள் கொட்டிக்கிடக்கின்றன. பார்க்க வேண்டாம் என்று சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை. ஆனால் அவர்கள் காட்டும் சாஃப்ட்வேரை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, உங்கள் குடும்பப் படங்கள் இருக்கும் கம்ப்யூட்டரில் செருகுவதற்கு முன், அதைச் செய்தவர் யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். யாரென்று தெரியாதவருக்குக் கம்ப்யூட்டர் முழுவதையும் திறந்துவிடுகிறீர்கள். என்கிரிப்ட் ஆன டிஸ்க்கில் அந்த வித்தைகள் பலிக்கவும் பலிக்காது.

இன்னும் ஆபத்தானது, கூகுளில் "பாஸ்வேர்டு ரீசெட் கஸ்டமர் கேர்" என்று தேடி, முதலில் வரும் நம்பருக்கு ஃபோன் போடுவது. மறுமுனையில் மரியாதையாகத்தான் பேசுவார்கள். ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி உங்கள் திரையைப் பார்ப்பார்கள். கொஞ்சம் பணம் கேட்பார்கள், கூடவே ஓடிபியும் கேட்பார்கள். பாஸ்வேர்டை மாற்ற மைக்ரோசாஃப்ட் கட்டணம் வாங்குவதில்லை. மைக்ரோசாஃப்ட்டின் பெயரைச் சொல்லி ஏமாற்றிய போலி கால் சென்டர்கள்மீது 2023 அக்டோபரில் சி.பி.ஐ. நாடு முழுவதும் சோதனை நடத்தியது நினைவிருக்கலாம். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

கம்ப்யூட்டர் யாருடையது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மருமகனின் ஆபீஸ் லேப்டாப் வீட்டில் இருக்கிறது என்பதால் அது வீட்டு லேப்டாப் ஆகிவிடாது. அதன் அட்மின் அவருடைய கம்பெனி. அவர்களிடம்தான் கேட்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்த லேப்டாப் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி லாகின் கேட்டால், உடைக்கப் பார்க்காமல் விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். உரிமையாளரின் அனுமதியில்லாமல் கம்ப்யூட்டருக்குள் நுழைவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 தவறென்கிறது. கெட்ட நோக்கமும் சேர்ந்தால் மூன்று வருடம் வரை சிறை.

வீட்டுக்குள்ளேயும் இப்படி ஒரு நியாயம் உண்டல்லவா? ப்ளஸ் ஒன் படிக்கும் பையன் கேம் ஏற்றுவதற்காகத் தன்னையே அட்மின் ஆக்கிக்கொண்டு அப்பாவை வெளியே தள்ளிவிட்டால், உரிமையை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவன் டியூஷன் போன நேரமாகப் பார்த்து இரகசியமாகச் செய்யாதீர்கள். எதிரே உட்கார வைத்து, ஏன் என்று சொல்லி மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதமும் அவனே ஜெயிப்பான். அவனுக்கு நம்மைவிட நேரம் அதிகம்.

எனக்கு உண்மையில் மனம் கனப்பது வேறொரு வகை வீடுகளை நினைத்து. கணவர் திடீரென்று காலமாகிவிடுகிறார். இன்ஷூரன்ஸ் விவரம், வீட்டுக் கடன் கணக்கு, குழந்தைகளின் படங்கள் என்று எல்லாமே அந்தக் கம்ப்யூட்டரில். அதன் பாஸ்வேர்டு அவரோடு போய்விட்டது. பேங்கில் நாமினி இருக்கிறார், கம்ப்யூட்டருக்கு? இறந்தவரின் கணக்கில் உள்ள விவரங்களைத் தருவது பற்றி யோசிக்கவே கோர்ட் உத்தரவு வேண்டும் என்பதுதான் மைக்ரோசாஃப்ட்டின் நிலை. இரண்டு வருடம் யாரும் நுழையாத கணக்கை அவர்கள் மூடியும்விடலாம். கூகுளில் நம் கணக்கு செயலற்றுப்போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்கலாம். ஆப்பிளில் 2021-லிருந்து வாரிசுத் தொடர்பு என்று ஒருவரை நியமிக்கும் வசதி இருக்கிறது. இரண்டையும் உயிரோடு இருக்கும்போது நாமேதான் செய்துவைக்க வேண்டும்.

பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரியும். கம்ப்யூட்டருக்கும் அப்படி இரண்டு பேர் வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போனால் இன்னொருவரையும் அட்மின் ஆக்கலாம். பத்து நிமிட வேலை. இரண்டாவது ஆள் வெளியூர் போய்விடாதவராக, வீட்டிலேயே இருப்பவராகப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது அம்மாதான். "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா" என்று அவர் சொன்னால் விடாதீர்கள். கேஸ் புக்கிங்கும் மின்கட்டணமும் செல்ஃபோனில் செய்பவருக்கு ஒரு பாஸ்வேர்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்ன?

அட்மின் கணக்கை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தாமல், எல்லாரும் சாதாரணக் கணக்கில் இருந்தால் இன்னும் நல்லது. தெரியாமல் எதையாவது கிளிக் செய்தாலும் சேதம் குறையும்.

பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைக்கலாமா என்று கேட்டால், நிபுணர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். நான் எழுதி வைக்கலாம் என்ற கட்சி. எங்கோ உட்கார்ந்து நெட் வழியாகத் திருடுபவனுக்கு உங்கள் வீட்டு நோட்டு எட்டாது. மெயில் ஐடி, அதோடு இணைத்த ஃபோன் நம்பர், பாஸ்வேர்டு, பாதுகாப்புக் கேள்விகளுக்கு அடித்த பதில்கள் அடித்தபடியே, அந்த 48 எண்கள். இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறதோ அங்கேயே அதையும் வையுங்கள்.

பின் நம்பரோ கைரேகையோ வைத்துத் தினமும் நுழைபவர்களுக்கு ஒரு விஷயம். பின் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் செல்லும். அதன் பின்னால் இருக்கும் கணக்கின் பாஸ்வேர்டை நீங்கள் எப்போதோ மறந்திருப்பீர்கள். இப்போது உள்ளே நுழைய முடிகிறதல்லவா? மாற்றுவதற்கு இதுதான் நேரம்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, கிளம்புகிற அவசரத்தில் இல்லாமல் வந்த மறுநாளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வையுங்கள். கணக்கில் இருப்பது யாருடைய மெயில், யாருடைய நம்பர் என்று பார்த்து மாற்றிவிடட்டும். ரெகவரி கீயை பிரின்ட் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பிரின்ட்டை அவர்கள் பையில் போட்டுக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்